செய்தி சென்று சேரும் காலம்

மக்கள் தொடர்பு எனும் தொழிலின் வரலாற்றை எழுதப் புகுவோர் மன்னர் காலத்து முரசிலிருந்து தொடங்குவது வழக்கம். அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மலாயாவில் அவசரகாலத்தின்போது தோட்டத்தில் சிறுவராக இருந்து, இன்று எண்பதைத் தாண்டி நிற்கும் முதியவர் எவரைக் கேட்டாலும் ஒரு வண்டியைப் பற்றிச் சொல்வார். மாலை மயங்கும் வேளையில் அவ்வண்டி தோட்டத்துத் திடலில் வந்து நிற்கும். மேலே ஒலிபெருக்கிகள், உள்ளே படமோட்டும் கருவியும், மின்சாரம் தரும் இயந்திரமும். இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டப்பெறும். லயங்களிலிருந்து பாயும் கையுமாக மக்கள் வந்து அமர்வர். படம் தொடங்குமுன் அரசாங்க அலுவலர் ஒருவர் ஒலிவாங்கியைக் கையிலெடுத்துத் தமிழில் பேசுவார். படத்துக்காக வந்த கூட்டம் பேச்சைப் பொறுத்துக்கொண்டது என்பதே பெரும்பாலும் உண்மை. ஆயினும் பேச்சு முடிந்தபின் வினாக்கள் எழும். அரிசிப் பங்கீடு பற்றி ஒருவர் கேட்பார். அடையாள அட்டை பற்றி மற்றொருவர் கேட்பார். விடை தெரியாத வினாவை அலுவலர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போவார்.

அந்த வண்டியை அனுப்பிய இலாகாவின் பெயர் வரலாறு சுவையானது. ஜப்பானியர் சரணடைந்தபின் 1945இல் பிரிட்டிஷ் இராணுவ நிருவாகம் நிறுவியது பிரசார அச்சு இலாகா. மறு ஆண்டு, 1946இல், அதுவே பொதுஜனத் தொடர்பு இலாகா எனப் பெயர் மாறிற்று. பின்னர்த் தகவல் இலாகா ஆயிற்று. பிரசாரம், தொடர்பு, தகவல் என்னும் இம்மூன்று சொற்களும் ஒரே பணியைக் குறித்தன எனினும், அப்பணியைச் செய்தவர்கள் தம்மைப் பற்றி எவ்வாறு எண்ணிக்கொண்டனர் என்பது பெயர்தோறும் மாறுகிறது. அதே 1946இல் மலாயா வானொலி மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் ஒலிபரப்பத் தொடங்கிற்று. மலாயாப் படப்பிரிவும் அவ்வாண்டே தோன்றிற்று.

1948 சூன் மாதத்தில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் அவசரகாலத் தகவல் பணியை நடத்த இலண்டனிலிருந்து ஹியூ கார்ல்டன் கிரீன் வந்தார். பிற்காலத்தில் பி.பி.சி.யின் தலைமை இயக்குநராக விளங்கியவர் இவரே. மலாயாவில் அவர் இருந்தது ஏறத்தாழ ஓராண்டே. சரணடைந்தவர்களைக் கொண்டே பேசச் செய்வதும், சரிபார்க்கத்தக்க செய்தியையே சொல்வதும் அவர் கைக்கொண்ட முறைகள். பின்னாளில் உளவியற் போர்ப் பிரிவை நடத்திய சி. சி. டூ அதே வழியில் இன்னும் நுட்பமாகச் சென்றார். காட்டின்மேல் டகோட்டா விமானங்கள் ஒலிபெருக்கியோடு பறந்தன. கோடிக்கணக்கான துண்டுப் பிரசுரங்கள் வானிலிருந்து விழுந்தன. அந்தப் பணியின் நோக்கங்களைப் பற்றிக் கருத்து வேறுபாடு அன்றும் இருந்தது, இன்றும் உண்டு. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களைப் புதுக்கிராமங்களுக்குப் பெயர்த்த ஓர் அரசாங்கத்தின் குரலை எல்லாரும் நட்புக் குரலாகக் கேட்டிருக்க முடியாது. இக்கட்டுரைக்கு வேண்டியது வேறொன்று. கோலாலம்பூரில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு செய்தி, மொழிபெயர்ப்பாளர் கைக்குச் சென்று, அச்சேறி, வண்டியேறி, தோட்டத்துத் திடலில் ஒருவர் வாயால் தமிழாக வெளிவரும்வரை சில நாள்கள் ஆயின. அந்த நாள்களில் பலர் அதைப் பார்த்தனர், திருத்தினர். இறுதியில் சொன்னவர், கேட்டவர்களின் முகங்களைக் கண்டார்.

இத்தொழிலின் தொடக்கத்திலும் காலமே முதன்மை பெற்றது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நகரருகே பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் வண்டி ஒன்று பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்து 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். விபத்து நேர்ந்தால் மறைப்பதே அக்காலத்து ரயில் நிறுவனங்களின் வழக்கம். அந்நிறுவனத்துக்குப் பணிபுரிந்த ஐவி லீ என்பவர், முன்பு பத்திரிகையாளராக இருந்தவர், இதற்கு மாறாகச் செய்தார். நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குத் தாமே கொடுத்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கு அழைத்தும் சென்றார். அக்டோபர் 30ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் அந்த அறிக்கையை எழுதியவாறே வெளியிட்டது. பத்திரிகைக் குறிப்பு எனும் வடிவத்தின் தொடக்கமாக இதையே பலரும் கூறுவர். அவ்வாண்டிலேயே அவர் தம் தொழிலுக்கு ஒரு கொள்கை அறிக்கையும் வெளியிட்டிருந்தார். மறைவாகச் செய்யோம், கேட்ட விவரத்தை விரைந்து தருவோம், தருவது பிழையின்றி இருக்கும் என்பன அதன் சாரம். எழுதியவரே அதை எக்காலும் காத்தார் எனல் இயலாது. 1914இல் லட்லோ சுரங்கத் தொழிலாளர் கொல்லப்பட்டபோது, முதலாளிகளின் பொருட்டு அவர் வெளியிட்ட அறிக்கைகளில் பொய்யான விவரங்கள் இடம்பெற்றன. ஆனால் 1906இல், இரண்டு நாளில் வந்த உண்மையை உலகம் மிக விரைவு என்று வியந்தது. இந்த இரண்டு நாளை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

விடுதலைக்குப்பின் மலாயாவில் இப்பணி அரசாங்கத்தைக் கடந்து வங்கி, எண்ணெய் நிறுவனம், விமான நிறுவனம் என்று பரவிற்று. 1962இல் மலேசிய மக்கள் தொடர்புக் கழகம் தோன்றிற்று. 1968இல் பெர்னாமா செய்தி நிறுவனம் பணி தொடங்கிற்று. 1972இல் மாரா தொழில்நுட்பக் கழகத்தில் பொதுத் தகவல் கல்வி தொடங்கியபின், பயிற்சி பெற்ற இளைஞர்கள் இத்தொழிலுக்கு வரலாயினர். அதுவரை, பத்திரிகையை விட்டு விலகியவர்களே பெரும்பாலும் இந்நாற்காலிகளில் அமர்ந்தனர்.

அக்காலத்து அலுவலகத்தில் ஓர் அறிக்கை எவ்வாறு பிறந்தது என்பதைச் சற்று நின்று காண்பது தகும். இளைய அலுவலர் காலையில் எழுதுவார். மேலதிகாரி சிவப்பு மையால் பாதியை அடிப்பார். சட்ட ஆலோசகர் ஒரு சொல்லை மாற்றுவார். தட்டச்சர் ஸ்டென்சிலில் அடிக்கும்போது, பல வேளைகளில், மற்ற மூவரும் காணாத பிழையை அவரே கண்டுபிடிப்பார். ரோனியோவில் படியெடுத்து, உறையிலிட்டு, மோட்டார் சைக்கிளில் அலுவலகப் பையன் ஒவ்வொரு பத்திரிகை நிலையத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பான். ஆங்கில, மலாய்ப் பத்திரிகைகளில் அது ஏறத்தாழ வந்தவாறே அச்சேறும். தமிழ்ப் பத்திரிகையில் அவ்வாறு ஏற இயலாது. துணையாசிரியர் ஒருவர் அதைத் தமிழாக்க வேண்டும். தமிழாக்கும்போதே, இதில் நம் வாசகருக்கு என்ன இருக்கிறது என்று பார்த்து, கடைசிப் பத்தியில் ஒளிந்திருந்த வேலை வாய்ப்பையோ கட்டண உயர்வையோ முதல் வரிக்குக் கொண்டுவருவார். நிறுவனம் சம்பளம் கொடுக்காத ஒரு மக்கள் தொடர்பு அலுவலர் தமிழ்ப் பத்திரிகை மேசையில் இருந்தார் என்றே சொல்லலாம். அவருடைய பெயர் எங்கும் அச்சானதில்லை.

டெலக்ஸ், தொலைநகல், மின்னஞ்சல் ஆகியவை வந்தபோது அந்தப் பையனின் மோட்டார் சைக்கிள் ஓய்ந்ததேயன்றி, அடிப்படை மாறவில்லை. அறிக்கை இன்னும் பத்திரிகைக்கே சென்றது. 1995இல் தி ஸ்டார் நாளேடு இணையப் பதிப்பைத் தொடங்கியதும், 1999இல் மலேசியாகினி தோன்றியதும் முன்னறிகுறிகள். அறிகுறியைப் பலர் உணரவில்லை. 2008ஆம் ஆண்டு மார்ச்சு மாதப் பொதுத்தேர்தலில் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தபின், அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி வெளிப்படையாக ஒன்றை ஒப்புக்கொண்டார். நாளேடும் தொலைக்காட்சியுமே போதும் என்று தாங்கள் நம்பியிருந்ததாகவும், இளைஞர்கள் குறுஞ்செய்தியையும் வலைப்பூவையும் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் அவர் கூறினார். நாட்டின் ஒவ்வொரு நிறுவனத்திலும் இணையப் பக்கத்தைக் கவனிக்க ஓர் இளைஞர் வேண்டும் எனும் எண்ணம் வேரூன்றியது அதற்குப் பின்னரே எனலாம்.

இவ்விளைஞர்களின் தொழிலை உலகமே உற்றுநோக்கிய ஆண்டு 2014. மார்ச்சு 8ஆம் நாள் பின்னிரவு, கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் சென்ற எம்.எச். 370 விமானம் 239 பேருடன் மறைந்தது. அதனோடு கடைசியாகப் பேசியது 1.19 மணிக்கு. விமான நிறுவனத்தின் முதல் அறிக்கை வெளிவந்தது காலை 7.24 மணிக்கு. ஏறத்தாழ ஆறு மணி நேரம். 1906இல் இரண்டு நாள் விரைவாகக் கருதப்பட்டது. 2014இல் ஆறு மணி நேரம் பொறுக்க முடியாத தாமதமாயிற்று. பெய்ஜிங்கில் விமானம் இறங்க வேண்டிய வேளையோ 6.30. நிலையத்தில் காத்திருந்தவர்கள், அறிக்கை வருமுன்னரே ஏதோ நேர்ந்துவிட்டது என்று அறிந்துகொண்டிருந்தனர். அந்த அறிக்கையும் பிழையற்றதாக இல்லை. தொடர்பு அறுந்த நேரம் 2.40 என்று அதில் கண்டிருந்தது பின்னர்த் திருத்தப்பட்டது. தாமதமாகவும் வந்து, தவறாகவும் வந்தால் அதன்பின் சொல்லும் உண்மையையும் மக்கள் நம்புவதில்லை.

அம்மாதம் 24ஆம் நாள் இரவு, விமானம் இந்தியப் பெருங்கடலில் முடிவுற்றதாகப் பிரதமர் அறிவிக்கச் சற்று முன், குடும்பத்தார் சிலருக்கு நிறுவனம் கைப்பேசிக் குறுஞ்செய்தி அனுப்பிற்று. பயணிகளில் பெரும்பாலோர் சீனர், குறுஞ்செய்தியோ ஆங்கிலத்தில். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. நிறுவனம் சொன்ன காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயிரத்தை நெருங்கும் உறவினர்கள் தொலைக்காட்சி வழியாக அறியுமுன் தங்கள் வாயிலாகவே அறிய வேண்டும் என்று கருதினர். நேரில் சொல்ல இயலாதவர்களுக்குக் குறுஞ்செய்தியைக் கடைசி வழியாகக் கொண்டனர். எனவே, அன்று விரைவில் குறையில்லை. துயரச் செய்தியைச் சொல்பவர் முன்னால் நின்று, அழுகையைக் கண்டு, அதற்கேற்ப அடுத்த சொல்லைச் சொல்வார். அந்த அடுத்த சொல்லுக்குக் குறுஞ்செய்தியில் இடமில்லை. தோட்டத்துத் திடலில் ஒலிவாங்கி பிடித்தவருக்கு இருந்த இடம் அது.

அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் சுராபாயாவிலிருந்து சிங்கப்பூர் வந்த ஏர் ஏசியா விமானம் 162 பேருடன் வீழ்ந்தது. நிறுவனத் தலைவர் டோனி பெர்னாண்டஸ் அன்றே சுராபாயா சென்று குடும்பத்தாரைச் சந்தித்தார். அப்போது டுவிட்டர் எனப்பட்ட தளத்தில் தம் பெயரிலேயே அடிக்கடி எழுதிவந்தார். இணையப் பக்கங்களில் நிறுவனத்தின் சிவப்புச் சின்னம் சாம்பல் நிறமாயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டு, ஒன்று தோல்வி, மற்றொன்று வெற்றி என்று கூறுவது எளிது. ஓரளவு அநீதியும்கூட. முதல் விமானம் எங்கே போயிற்று என்பதே தெரியவில்லை. இரண்டாவதன் சிதைவுகள் மூன்றாம் நாளே காணப்பட்டன. சொல்வதற்கு ஒன்றுமில்லாதவன் நன்றாகச் சொல்வது அரிது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. இரண்டாம் நிகழ்ச்சியில் கைப்பேசியில் எழுதியவர் நேரில் சென்றும் நின்றார்.

பெருந்தொற்றுக் காலம் இன்னொரு பாடம். 2020 மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிற்று. அம்மாத இறுதியில் மகளிர் அமைச்சு தன் சமூக ஊடகப் பக்கங்களில் மனைவியருக்கு அறிவுரை கூறும் படங்களை வெளியிட்டது. வீட்டிலும் ஒப்பனை செய்துகொள்க. கணவரிடம் டோரேமோன் எனும் கேலிச்சித்திரப் பூனையின் குரலில் பேசுக என்பன அவ்வறிவுரைகளில் சில. நகைப்பும் சினமும் எல்லை கடந்து வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை எட்டின. மார்ச்சு 31ஆம் நாள் அமைச்சு வருத்தம் தெரிவித்து அவற்றை நீக்கிற்று. அவற்றை வரைந்தவர் எவர் என்பது வெளியே தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. ஸ்டென்சில் அடித்த தட்டச்சர் அவ்விடத்தில் இருந்திருந்தால், இது எதற்கு ஐயா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார் என்று மட்டும் தோன்றுகிறது.

நேர் எதிரான எடுத்துக்காட்டும் அவ்வாண்டே உண்டு. சிங்கப்பூர் அரசாங்கம் வாட்ஸ்அப் வழியாக நாள்தோறும் அனுப்பிய நோய்த்தொற்றுச் செய்திகளை ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் எனும் நான்கு மொழிகளிலும் பெற இயன்றது. 1946இல் வானொலி ஏற்ற அதே நான்கு மொழிகள். மலேசியச் சுகாதார அமைச்சு டெலிகிராம் வழியாக விவரங்களை விடாது தந்தது. இப்பணிகளைச் செய்தவர்களில் இளைஞர் பலர். கருவி புதிதாயினும் அங்கே பழைய இலாகாவின் ஒழுங்கு இருந்தது. எழுதுபவர், சரிபார்ப்பவர், மொழிபெயர்ப்பவர் என்று கைகள் இருந்தன.

எல்லா இடத்திலும் அக்கைகள் இல்லை. மக்கள் தொடர்பில் இன்று பணி தொடங்கும் இளைஞர், தம் முன்னோர் பத்தாண்டு கழித்தே பெற்ற பொறுப்பை முதல் மாதத்திலேயே பெறுகிறார். நிறுவனத்தின் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல் அவர் கையில். இரவு பதினொரு மணிக்கு ஒரு வாடிக்கையாளர் குறை எழுதினால், நிறுவனத்தின் குரலில் விடை சொல்பவர் அவரே. மேலதிகாரி உறங்குகிறார். காலைவரை பொறுத்தால் குறை ஆயிரம் பேரிடம் பரவிவிடும். உடனே எழுதினால் ஒரு சொல் பிழைபடலாம். நீக்கினாலோ, நீக்குமுன் எவரோ படம் பிடித்திருப்பர். இளைஞர்கள் பொறுப்பற்று எழுதுகிறார்கள் என்று மூத்தோர் குறைகூறக் கேட்கிறோம். அம்மூத்தோர் இளைஞராயிருந்தபோது எழுதியதைச் சிவப்பு மையால் அடிக்க ஒருவர் இருந்தார் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

அந்தக் கைகளுள் முதலில் மறைந்தது தமிழாக்கிய கை. நிறுவனம் தன் பக்கத்தில் தானே பேசும்போது பத்திரிகை மேசை விலகிவிடுகிறது. தமிழ் நேசன், 1924இல் பிறந்த நாளேடு, 2019இல் நின்றது. ஏனைய தமிழ் நாளேடுகள் தொடர்ந்தன. ஆயினும் பழைய மேசைகளில் ஒன்று குறைந்தது. இத்தனைக்கும் கருவியில் தமிழ் ஏறுவதற்கு இந்நாட்டவரே முன்னின்றனர் என்பது பெருமைக்குரியது. மலேசியரான முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியது 1985இல். கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினம் வந்தது 2005இல். எழுத்து வந்துவிட்டது, எழுதியதைப் பார்க்கும் கண் உடன் வந்ததா என்பதே ஐயம். 2017இல் சிங்கப்பூர்த் தேசிய தின அணிவகுப்புக்கான விளம்பரத் தாளில் தமிழ் வாசகம் பொருளற்ற எழுத்துக் குவியலாக அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கோர நேர்ந்தது. தமிழ் எழுத்துமுறையை அறியாத வடிவமைப்பு மென்பொருளில் ஒரு வரியை ஒட்டினால் கொம்பு ஒருபுறமும் காலொரு புறமும் சிதறுவது அடிக்கடி நிகழ்வதே. தமிழ் அறிந்தவர் ஒரு நொடி பார்த்தால் போதும். அந்த ஒரு நொடிக்கு ஆள் இருக்க வேண்டும்.

கூகுளின் மொழிபெயர்ப்புக் கருவியில் தமிழ் சேர்ந்தது 2011இல். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் இயந்திரம் அறிக்கையையே எழுதத் தொடங்கிற்று, தமிழிலும் எழுதிற்று. அதன் தமிழில் எழுத்துச் சிதறல் இல்லை. வேற்றுமை உருபுகளும் பெரும்பாலும் சரியாகவே நிற்கின்றன. ஆதலால் பழைய பிழையைவிட இதைக் கண்டறிவது கடினம். வாக்கியம் பிழையின்றி இருக்கும். ஆனால் அவ்வாறு எந்தத் தமிழரும் இன்னொரு தமிழரிடம் ஆறுதல் சொல்ல மாட்டார். தோட்டத்தில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, இன்று தலைநகரின் உயர்ந்த கட்டடம் ஒன்றில் மக்கள் தொடர்பு அலுவலராக இருக்கும் பெண் அந்த வாக்கியத்தைப் பார்த்தவுடன் ஏதோ சரியில்லை என்று உணர்வார். என்ன சரியில்லை என்று உடனே சொல்ல அவரால் இயலாமற்போகலாம். அலுவலகத்தில் கேட்பதற்கும் தமிழறிந்தார் ஒருவரும் இரார்.

அத்தகைய வேளையில், ‘ஐயா, இந்த வரி சரியா? சற்றுப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று பழைய மாணவியிடமிருந்து இரவு நேரத்தில் கைப்பேசியில் கேள்வி வரப்பெற்ற தமிழாசிரியர்கள் சிலரேனும் இந்நாட்டில் உளர். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, வரியைப் படித்து, ஒரு சொல்லை மாற்றி அவர்கள் விடை எழுதுகின்றனர். அதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் ஐந்து நிமிடம்.